மூலத்தில் போட்டுப் பார்க்கவும்

ஜூலை 3

ஐயா,

இயற்கணிதம், ஏழாம் பாடம், பயிற்சி நான்கு, ஒன்பதாம் கணக்கு பற்றி.

உங்கள் மூலம் சரியில்லை. நான் போட்டுப் பார்த்துவிட்டேன். அடியில் ஒன்றுமே நிற்கவில்லை. தள்ளிப் போடாமல் உடனே கவனிக்கவும். இப்படியே விட்டால் இன்னும் பலருக்குக் கஷ்டம்.

கார்டில் இவ்வளவுதான் இடம்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமியார்

•

ஜூலை 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நம் பிள்ளைகளின் கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதத்தை அச்சக விலாசத்துக்கு, அதுவும் கார்டில் எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் உங்கள் முதல் வரியின் மேல் முத்திரையை நன்றாக அழுத்திக் குத்திவிட்டார். ஆகவே எங்கள் அச்சகத்தில் கார்டைப் படித்த பதினாறு பேரும் "உங்கள் மூலம் சரியில்லை" என்பதிலிருந்துதான் படித்தார்கள்.

புத்தகக் கட்டுப் போடும் பிரிவில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உக்கார முடியுதா? எங்க மாமாவுக்கும் இருந்திச்சு. வெக்கப்படாம டாக்டரப் பாருங்க" என்றார். மறுநாள் என் நாற்காலியில் யாரோ பஞ்சு மெத்தை ஒன்றை வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று எடுத்து வைத்தால், "பாவம், மானஸ்தன்" என்று பேசிக்கொள்கிறார்கள்.

இனி விஷயம். நான் புரூப் பார்ப்பவன். எழுத்தாளர் கையால் எழுதித் தந்த பிரதியை நாங்கள் மூலம் என்போம். அந்த மூலத்தோடு அச்சை ஒப்பிடுவதுதான் என் வேலை. முத்திரைக்கு அடியில் இருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, அலமாரியிலிருந்து மூலத்தை எடுத்து மறுபடி ஒப்பிட்டேன். மூலத்தில் விடை 3. அச்சிலும் 3. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அதோடு நிற்காமல் கணக்கையும் போட்டேன். x/(x − 3) = 2 + 3/(x − 3). இரு பக்கத்தையும் (x − 3)ஆல் பெருக்கினால் x = 2(x − 3) + 3. அதாவது x = 2x − 3. ஆகவே x = 3. ஐயத்துக்கு இடமில்லை.

உங்கள் கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஒற்றுப் பிழை, ஒரு நிறுத்தக்குறிப் பிழை. சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

ஜூலை 16

சம்பந்தி அவர்களுக்கு,

இந்தத் தடவை உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறேன். உங்கள் நாற்காலிக்கு வந்த சோதனைக்கு மன்னிக்கவும். படித்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் சிரித்ததற்கும் சேர்த்து மன்னிக்கவும். சிவப்பு மைக்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஒரு மூலத்தைச் சொல்கிறீர்கள், நான் இன்னொரு மூலத்தைச் சொல்கிறேன். உங்கள் மூலம் கையெழுத்துப் பிரதி. சமன்பாட்டுக்கு வருகிற விடையையும் மூலம் என்றுதான் உங்கள் புத்தகமே சொல்கிறது. அந்த மூலத்தைத்தான் தவறு என்றேன். அந்த 3ஐக் கொண்டுபோய், பெருக்கி அடித்த பிறகு வரும் வரியில் அல்ல, முதல் வரியில், x இருக்கிற இடத்தில் போடுங்கள். கீழே 3 − 3. பூஜ்ஜியம். மூன்று இட்லித்தட்டை பூஜ்ஜியம் பேருக்குப் பங்கு வை என்றால் எப்படி வைப்பது? அடியில் ஒன்றும் நிற்கவில்லை என்று எழுதினேனே, அது இதுதான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். நான் பெரிய கணக்குப் புலி இல்லை. குடிநீர் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பம்பு ஓட்டுகிறேன். பம்பைப் போட்டால் இந்நேரம் தொட்டியில் இவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். ஆனால் அதைப் பதிவேட்டில் எழுதக் கூடாது. ஏணியில் ஏறி, அளவுமுள்ளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில் எந்த விடை வந்தாலும் ஏறிப் பார்த்துவிடுகிறேன்.

எதற்கு இந்த வயதில் இயற்கணிதம் என்று நினைப்பீர்கள். மேற்பார்வையாளர் பதவிக்குத் துறைத் தேர்வு எழுத வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவை இந்தக் கீழே x வருகிற கணக்குகளில் விழுந்துவிட்டேன். செப்டம்பரில் எழுதப் போவது கடைசி. மேற்பார்வையாளருக்குப் பகல் வேலை மட்டும். எனக்கு இப்போது மாறி மாறி ஷிப்ட். என் வீட்டுக்காரர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்ப்பவர், பொழுது விடியுமுன் போக வேண்டும். நான் வரும்போது அவர் கிளம்புவார், அவர் வரும்போது நான் தூங்குவேன். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்காகத்தான். வேறு பெருமைக்கு இல்லை.

கல்யாணத்தன்று நாற்காலி போதாமல் போனபோது, கூட்டத்துக்கு நடுவில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "சம்பந்தியம்மாவுக்குப் பம்பு தெரியும், வகுத்தல்தான் தெரியாது." வருகிறவர்களுக்கு எத்தனை வரிசை நாற்காலி வேண்டும் என்று நான் சரியாகத்தான் வகுத்தேன். வாடகைக்காரன்தான் ஒரு வரிசையைக் குறைத்துக் கொண்டுவந்தான். எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள், அதுதான் சுட்டது.

இப்படிக்கு,
வகுத்தல் தெரியாதவள்

•

ஜூலை 25

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நீங்கள் சொன்ன இடத்தில் 3ஐப் போட்டேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "பூஜ்ஜியம் வருது" என்றேன். "உங்களுக்கா, கணக்குக்கா?" என்றாள்.

நீங்கள் சொன்னது சரி. அந்தக் கணக்குக்குத் தீர்வே இல்லை. எழுத்தாளரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து சரியாக இருப்பதைத் திருத்தி என்ன செய்வது என்று இருந்துவிட்டேன்.

எங்கே சறுக்கியது என்று பார்த்தேன். (x − 3)ஆல் பெருக்கும்போதே அது பூஜ்ஜியம் இல்லை என்று சொல்லாமல் சொல்லித்தான் பெருக்குகிறோம். பிறகு விடையே 3 என்று வந்து நின்றால், நாம் வாசலில் சொன்ன வாக்கு பொய்யாகிவிடுகிறது. ஆகவே நீங்கள் கணக்கைத் தொடுமுன்பே ஓரத்தில் "x ≠ 3" என்று எழுதிவிடுங்கள். கீழே என்னென்ன இருக்கிறதோ, அது ஒவ்வொன்றையும் பூஜ்ஜியமாக்கும் எண்ணை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பிறகு மீச்சிறு பொது மடங்கால் பெருக்கி, கடைசியில் நீங்கள் செய்வதுபோல ஏறிப் பார்க்கலாம்.

தொகுதி எது, பகுதி எது என்று குழம்பினால் எனக்கு ஒரு வழி உண்டு. தொகுதி தோள், பகுதி பாதம். தோள் மேலே, பாதம் கீழே. பாதம் பூஜ்ஜியமானால் ஆள் நிற்க முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். நவம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட நேர்ந்ததில்லை. வழியனுப்பு விழாவில் அதைத்தான் முதலாளி பேசப் போகிறார், கேடயத்திலும் அதைத்தான் பொறிக்கப் போகிறார்கள். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் இந்தக் கணக்கைத் திருத்திவிடுகிறேன். அதுவரை இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

நாற்காலி விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

ஆகஸ்ட் 20

சம்பந்தி அவர்களுக்கு,

பிழை விஷயம் என் வாயிலிருந்து வராது. எழுதியே கொடுத்துவிட்டேன், போதுமா?

ஞாபகம் இல்லை என்று எழுதிய வரியில் மட்டும் மை இரண்டு இடத்தில் ஊறியிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்திருக்கிறீர்கள். போகட்டும்.

தோளும் பாதமும் நன்றாக வேலை செய்கின்றன. பம்பு அறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு ஆளை வரைந்து வைத்திருக்கிறேன். இப்போது கணக்கைப் பார்த்ததும் முதலில் காலைப் பார்க்கிறேன். நேற்று பதினாலு கணக்குப் போட்டு பன்னிரண்டு சரி. மற்ற இரண்டில் கழித்தல் குறியை வழியில் எங்கோ தொலைத்துவிட்டேன்.

ஆனால் உங்கள் புத்தகத்தில் தண்ணீர்க் கணக்கு எழுதியவர் வாழ்நாளில் ஒரு பம்பைத் தொட்டிருக்க மாட்டார். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறதாம், இன்னொரு குழாய் காலி செய்கிறதாம், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எப்போது நிரம்பும் என்று கேட்கிறார். எங்கள் நிலையத்தில் அப்படித் திறந்தவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

அடுத்த கணக்கு இரண்டு பம்பு. பழைய பம்புக்குப் புதியதைவிட ஆறு மணி நேரம் கூடுதல், சேர்ந்து ஓடினால் நாலு மணி நேரம். 1/x + 1/(x + 6) = 1/4. x ≠ 0, x ≠ −6 என்று முதலில் எழுதினேன், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பெருக்கினால் 6 வந்தது, −4ம் வந்தது. −4ஐப் போட்டால் பாதம் உடையவில்லை, சமன்பாடு ஒத்துக்கொள்கிறது. ஆனால் எந்தப் பம்பு போடுவதற்கு நாலு மணி நேரம் முன்பே தொட்டியை நிரப்பும்? எங்கள் மேலதிகாரி அப்படி ஒன்று கிடைக்குமா என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே 6தான்.

இன்னொன்று. நிஜத்தில் நாலு மணி நேரத்தில் நிரம்பாது. இரண்டு பம்பும் ஒரே குழாயில் தள்ளும்போது ஒன்றையொன்று நெருக்கும். ஐந்து மணி நேரம் ஆகும். தேர்வில் நாலு என்றே எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியம்மா

•

செப்டம்பர் 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஐந்து மணி நேரம் என்பதை எழுத்தாளருக்கு எழுதினேன். அவர் இன்னும் பதில் போடவில்லை. கோபமாக இருக்கலாம்.

உங்கள் கடிதம் வருகிற நாளில் என் மனைவி எனக்கு முன்பே வாசலுக்குப் போய்விடுகிறாள். நான் வீட்டில் வாய்விட்டுச் சிரித்து நாளாயிற்று என்கிறாள். இருக்கலாம்.

பதினான்காம் தேதி தேர்வு. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் "தீர்வு இல்லை" என்று எழுதக் கை கூசும். ஏதோ வெறுங்கையோடு வீடு திரும்புவதுபோல இருக்கும். கூச வேண்டாம். ஏறிப் பார்த்தீர்கள், இல்லை. இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தில் உங்களுக்கு நல்வாழ்த்தும் உண்டு. அதைத் தனி வரியில் எழுத எனக்குக் கூச்சம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

அக்டோபர் 22

சம்பந்தி அவர்களுக்கு,

முப்பத்தெட்டு. நாற்பது எடுத்திருக்க வேண்டும்.

விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த ஒன்பதாம் கணக்கை அப்படியே தூக்கி வினாத்தாளில் போட்டிருக்கிறார்கள். நாலு மதிப்பெண். நான் ஓரத்தில் x ≠ 3 என்று எழுதி, பெருக்கி, 3 வந்ததும் மேலே ஏறிப் பார்த்து, கொட்டை எழுத்தில் "தீர்வு இல்லை" என்று எழுதியிருந்தேன். கை கூசவே இல்லை. அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். "நீங்க சொல்றது நியாயமாத்தாங்க தெரியுது. ஆனா புத்தகத்துல 3ன்னு அச்சடிச்சிருக்கே. புத்தகத்தவிட நாம பெரியவங்களா?" என்றார். புத்தகம் போட்டவர்களே தவறு என்று முத்திரை வைத்து எழுதித் தந்தால், நவம்பர் பத்துக்குள் திருத்தித் தருவார்களாம். அதற்குப் பிறகு யாராலும் முடியாதாம்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்கு இரண்டு தடவையும் நான் அழவில்லை. அப்போது எனக்குத் தெரியாமல் தோற்றேன். இந்தத் தடவை தெரிந்து எழுதித் தோற்றிருக்கிறேன். பொறுக்க முடியவில்லை.

அந்த முத்திரை உங்களுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். உங்கள் விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. என் வாயிலிருந்து வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், உங்கள் பெயரை அங்கே நான் சொல்லவில்லை. ஆகவே அது உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

நீங்கள் எழுதாவிட்டாலும் என் மகளிடம் இதைப் பற்றி மூச்சு விட மாட்டேன். உங்கள் வீட்டுப் பெண்ணாக அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியம்மா

•

நவம்பர் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. புதன்கிழமைதான் முதலாளி அறைக்குள் போனேன். இடையில் இருந்த ஒன்றரை நாளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தாளர் மேல் போட்டுவிடலாமா, எழுத்துக் கோத்தவர் மேல் போட்டுவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். என் மனைவியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "அந்தம்மா எங்கயாவது உங்களத் திட்டியிருக்காங்களான்னு தேடிப் பாத்தேன். ஒரு எடத்துலகூட இல்ல" என்றாள். அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

முதலாளி வினாவைப் பார்த்தார், விடையைப் பார்த்தார். "இன்னும் நாலு வாரம். நீங்க போனப்புறம் நானே திருத்திக்கிறேனே. இப்ப எதுக்கு?" என்றார். பத்தாம் தேதிக்குள் வேண்டும் என்றேன். "யாருக்கு?" என்றார். "இந்தப் பிழையக் கண்டுபிடிச்சவங்களுக்கு" என்றேன். முத்திரையை மேசை மேல் நகர்த்தி வைத்தார்.

தேர்வுப் பிரிவுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. நீளமாக ஒன்றுமில்லை. "ஏழாம் பாடம், பயிற்சி நான்கு, ஒன்பதாம் கணக்கின் விடை 3 என அச்சாகியிருப்பது தவறு. 3 எனக் கொண்டால் பகுதி பூஜ்ஜியமாகிறது. ஆகவே இச்சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை. இப்பிழையைக் கவனிக்கத் தவறியவர் மெய்ப்புத் திருத்திய நான்." கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

கிடங்கில் மூவாயிரத்து இருநூறு பிரதிகள் இருந்தன. எல்லாவற்றிலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று நானே கேட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் பசை தடவ, என் மனைவி சீட்டை ஒட்டினாள். நான் ஒட்டினால் கோணலாகப் போகிறது என்று என்னை நம்பவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவள் என் வேலை இடத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஆயிரம் தாண்டியதும், "இத்தன வருசமா இந்த நாத்தத்துலயா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

நாற்காலி விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜூலையிலும் இருந்தது. கூட்டம் சிரிக்க வேண்டும் என்று சொன்னேன். நாற்காலிகளை எண்ணிப் பார்க்காமல் சொன்னேன். அது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

•

டிசம்பர் 6

சம்பந்தி அவர்களுக்கு,

நாற்பத்திரண்டு. தேர்வுப் பிரிவுக்காரர் தன் கையாலேயே அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். என்னோடு சேர்த்து இன்னும் மூன்று பேர் அந்தக் கணக்குக்குத் தீர்வு இல்லை என்று எழுதியிருந்தார்களாம். அவர்களில் ஒருவருக்கும் அதே நாலு மதிப்பெண்ணால் தேர்ச்சி. அவர் யார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் உங்களைத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் விழாவைப் பற்றி மகள் சொன்னாள். முதலாளி அந்த இருபத்தெட்டு வருடப் பேச்சை எடுக்கவில்லையாம், கேடயத்தில் வெறும் பெயர் மட்டும்தானாம். அதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் கட்டுப் போடும் பிரிவிலிருந்து புரூப் அறை வரை எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், உட்காரவே இல்லை என்றும் சொன்னாள். உங்கள் மகன் அப்பாவைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லையாம்.

ஒன்றாம் தேதியிலிருந்து பகல் வேலை. மாலை ஆறு மணிக்குச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அடுப்பைப் பற்ற வைத்து, இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடையில் மாவு எப்படி என்று நான் கேட்டேன், தொட்டியில் தண்ணீர் எப்படி என்று அவர் கேட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் வேகமாகச் சாப்பிடுகிறவர். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்போல அள்ளிப் போட்டுக்கொள்கிறார். நான் மெதுவாகச் சாப்பிடுகிறவள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அவர் முடித்துவிட்டு என் தட்டைப் பார்த்தார், பாதிகூட ஆகவில்லை.

"நீ இவ்வளவு மெதுவாவா சாப்புடுவ?" என்றார்.

"ஆமா. நீங்க கைய கழுவுங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. நான் கடைசிக் கவளம் எடுக்கும் வரை, கையில் சோறு காய்ந்துபோக, எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியம்மா